கசகசா அளவில் ஓர் எலுமிச்சை

புரட்டாசி 6, ஞாயிறு

காலை நீராடித் திருநீறணிந்து, நாள்தோறும் ஓதும் பதிகங்களை ஓதி முடித்தபின் 'குறுந்தடம்' புரட்டாசி இதழை எடுத்தேன். கோவையிலிருந்து வெளிவரும் மாத இதழ் அது. மெய்யான ரயிலை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கி, வீட்டுக்குள் தண்டவாளம் பதித்து ஓட்டி மகிழ்வோருக்காக நடத்தப்படுவது. நான் அதற்குச் சந்தா செலுத்துவது ஒற்றுப்பிழை பார்ப்பதற்காக மட்டுமே. இதனை என் இல்லாள் உலகம்மையிடமும், நான் தலைவனாக இருக்கும் திருமுறை முற்றோதல் மன்றத்தாரிடமும் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறேன்.

இம்மாதம் பதினொரு பிழைகள். அவற்றைக் கண்டறிய இதழை மூன்று முறை முழுமையாகப் படிக்க வேண்டியதாயிற்று. நடுப்பக்கத்தில், மலை ரயில் ஒன்றைத் தம் மொட்டைமாடி அறையில் அமைத்திருக்கும் அன்பர் ஒருவரின் படங்கள் நான்கு உள்ளன. குகை வாயிலில் பாசி படிந்திருப்பதைக்கூடக் காட்டியிருக்கிறார். அப்பக்கத்தில் எழுத்தே இல்லை, ஆகவே பிழையும் இல்லை. பிழை இல்லை என்பதை உறுதி செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் கடலைமாவு படிந்த விரல்தடம் ஒன்று தெரிகிறது. சென்ற மாத இதழிலும் இருந்தது. அச்சகத்தார் பணியிடத்தில் பஜ்ஜி உண்பார்கள் போலும். ஆசிரியருக்கு எழுதிய மடலில் பன்னிரண்டாவது குறையாக இதனையும் சேர்த்தேன்.

புரட்டாசி 9, புதன்

தபால்காரர் ஞானதுரை பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அனுப்பியவர் 'குறுந்தடம்' ஆசிரியர். உள்ளே எஞ்சின் ஒன்று, பெட்டிகள் மூன்று, வட்டமாகப் பூட்டத்தக்க தண்டவாளத் துண்டுகள், வேகம் கூட்டிக் குறைக்கும் திருகு பொருத்திய மின்பெட்டி. உடன் ஒரு கடிதம்:

"பெரியீர், நான்காண்டுகளாகத் தாங்கள் மாதந்தோறும் அனுப்பும் பிழைப்பட்டியல்கள் கிடைத்துவருகின்றன. இதனை எங்கள் அன்பளிப்பாக ஏற்றுச் சிலகாலம் ஓட்டிப் பார்க்க வேண்டுகிறோம். அதனால் பட்டியல் அனுப்ப நேரமில்லாமற் போனால் நாங்கள் வருந்தமாட்டோம்."

கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. என் தொண்டு வீண்போகவில்லை.

புரட்டாசி 10, வியாழன்

ஓடுகிறது.

புரட்டாசி 13, ஞாயிறு

கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தித் தண்டவாளம் அமைத்திருந்தேன். பிச்சாண்டி வந்தான். உலகம்மையின் தம்பி, அடுத்த தெருவில் குடியிருப்பவன், கிரிக்கெட் செய்தியன்றி வேறொன்றும் படிக்காதவன். வாசலிலேயே நின்று பார்த்தான்.

"என்ன அத்தான், ஒற்றுப்பிழை வட்டமா ஓடுது போலிருக்கே."

தமக்கையும் தம்பியும் சிரித்தார்கள். நான் திருகைத் திருப்பி வண்டியை நிலையத்தில் நிறுத்தினேன்.

வரும் வியாழனன்று நவராத்திரி தொடங்குகிறது. கொலுவின் அடியில் வெற்றிடம் இருப்பதால், அங்கே ரயில் ஓட்டினால் அம்பிகைக்கு உகப்பாக இருக்கும் என்று விளக்கினேன். உலகம்மை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்தால் வழக்கு விசாரணை தொடங்கிற்று என்று பொருள்.

"நாப்பது வருசமா கொலு என்னோடது. ஒரு பொம்மைய எடுத்துத் தந்திருக்கியளா? இப்ப மட்டும் வாரிய."

"இது இறைபணி."

"சரி, வையுங்க. ஆனா ஒரு பேச்சு. சரசுவதி பூசை அன்னிக்குச் சாயங்காலம் உங்க மன்றத்து ஆளுக அத்தனை பேரும் வருவாக. அவுக முன்னால வண்டி நிக்காம பத்துச் சுத்து வரணும். நின்னுச்சுன்னா உங்க பேருக்கு அந்தப் பொஸ்தகம் இனிமே வரக்கூடாது."

"பத்து என்ன, நூறு சுற்று வரும்" என்றேன்.

"நான் சாட்சி" என்றான் பிச்சாண்டி.

இரவு உணவில் உப்பு மிகுந்திருந்தது. மிகுதி உணவிலா, என் நாவிலா என்று தெரியவில்லை. இதழ் நின்றுபோவதைப் பற்றி நான் கவலைகொள்ளவில்லை. பழைய இதழ்கள் நாற்பத்தெட்டையும் எடுத்து எண்ணிப் பார்த்து, மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வேறொன்றுமில்லை.

புரட்டாசி 16, புதன், அமாவாசை

படி கட்டியாயிற்று. ஒன்பது படிகள். இன்று ஒரு தத்துவச் சிக்கல் எழுந்தது.

கொலுவின் அடியில் மளிகைக் கடை விரித்து அமர்ந்திருக்கும் செட்டியார் பொம்மையின் உயரம் ஓரடி. என் ரயிலின் கணக்குப்படி அவர் எழுபத்தாறு அடி உயரமுள்ள மனிதர் ஆகிறார். அவர் முன் குவித்திருக்கும் துவரம்பருப்பு ஒவ்வொன்றும் நிலையத்துச் சாய்விருக்கை அளவு. தெய்வங்கள் எவ்வுருவமும் கொள்ளலாம். அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் செட்டியார் மானிடர். அவரைப் படியின் பின்புறம் மறைவாக வைக்கலாமே என்று மென்மையாகக் கேட்டேன்.

"செட்டியாரு நாப்பது வருசமா அங்கனதான் இருக்காரு. உங்க ரயிலு வந்து ஏழு நாளாச்சு. யாரு நவுளணும்?"

ரயில் செட்டியாரைச் சுற்றிச் செல்வதாக முடிவாயிற்று. 'செட்டியார் மலை' என்று சிறிய பெயர்ப்பலகை எழுதி அவர் முதுகுப்புறம் நட்டேன். நிலையத்துக்குச் 'சிவபுரம் சந்திப்பு' எனப் பெயரிட்டேன். வேறு பாதை எதுவும் வந்து சேராத இடத்தை எப்படிச் சந்திப்பு எனலாம் என்று பிச்சாண்டி கேட்டான். சீவனும் சிவனும் சந்திக்கும் இடம் என்றேன். அவன் வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புரட்டாசி 17, வியாழன்

கொலு முதல் நாள். வெண்பொங்கல். முப்பத்தாறு சுற்று. தடையில்லை.

புரட்டாசி 19, சனி

வந்த பெண்டிர் அனைவரும் ரயிலைக் கண்டு வியந்தனர். மூன்றாம் வீட்டு அம்மையார் இருமுறை ஓட்டச் சொன்னார். நான் உற்சாகத்தில் திருகைச் சற்று மிகுதியாகத் திருப்ப, கடைசிப் பெட்டி கவிழ்ந்து, செட்டியாரின் கொத்தமல்லிக் குவியலுக்குள் புகுந்தது.

குங்குமச் சிமிழுடன் கடந்துபோன உலகம்மை நின்று சொன்னாள்: "கனம் இல்லாத பெட்டிய எஞ்சினுக்கு அடுத்தாப்ல மாட்டக்கூடாது, கடைசியிலயும் காலியா விடக்கூடாது. உள்ள ஒரு துட்டை வையுங்க."

அவ்வாறே ஒரு நாணயத்தை வைத்தேன். பெட்டி பிறகு கவிழவில்லை. கல்வியறிவைக் காட்டிலும் அடுப்படி அனுபவம் சில நேரங்களில் முந்திக்கொள்கிறது. இதே கருத்தை ஆவணி இதழின் பதினேழாம் பக்கத்திலும் வாசித்த நினைவு. தற்செயலான ஒற்றுமை.

புரட்டாசி 22, செவ்வாய்

மன்றத்தில் 'நூலும் தெய்வமும்' என்பது பற்றி ஒன்றரை மணி நேரம் உரையாற்றினேன். நம் வழக்கில் அட்டமி மாலையில் ஏடு அடுக்கிப் பூசையில் வைத்தால், விசயதசமி காலையில் எடுக்கும்வரை அச்சிட்ட எழுத்து எதனையும் படிக்கலாகாது, எழுதலும் ஆகாது என்று இவ்வாண்டும் வலியுறுத்தினேன். பதினோராண்டுகளுக்கு முன் முதன்முதலில் இதை நான் அறிவித்தபோது, "பேருந்தின் பெயர்ப்பலகை உட்பட" என்று சேர்த்துச் சொன்னேன். அவ்வாண்டு பிச்சாண்டி அதனை அப்படியே கடைப்பிடித்து, ஆலங்குளம் போவதாக எண்ணி ஏறிப் பாபநாசத்தில் இறங்கினான். அதிலிருந்து ஆண்டுதோறும் அந்நாளில் அவன் கிரிக்கெட் செய்தியும் பார்ப்பதில்லை. என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

பிற்பகல் கணக்குகள் செய்தேன். வெள்ளியன்று ஆயுத பூசை. பேருந்து, லாரி, மாட்டுவண்டி அனைத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுகிறோமே, என் எஞ்சினுக்கு மட்டும் இல்லையா? எலுமிச்சையை எழுபத்தாறால் வகுத்தால் கடுகினும் சிறிதாகிறது. கசகசாவே சற்றுப் பெரிதுதான், எனினும் நல்ல ரகம் என்று கொள்ளலாம். திருட்டி கழிக்கும் பூசணிக்காய்க்குக் கணக்குப் பார்த்தால் மிளகு மிகச் சரியாக வருகிறது. பேரண்டத்தில் சிறிதுக்கும் பெரிதுக்கும் இடையே இப்படியோர் ஒழுங்கு இருப்பதை எண்ணிக் கண் கலங்கினேன்.

உலகம்மை அஞ்சறைப்பெட்டியைத் தர மறுத்தாள். காரணம் சொன்னபின், நான்கு கசகசாவையும் ஒரு மிளகையும் எண்ணி எடுத்துத் தந்தாள்.

புரட்டாசி 24, வியாழன், நண்பகல்

மாலையில் மன்றத்தில் பாராயணம். நான் திரும்புவதற்குள் உலகம்மை ஏடுகளை அடுக்கிவிடுவாள். இந்நாட்குறிப்பும் எழுதுகோலும் பூசைக்குப் போகின்றன. ஐப்பசி இதழ் இன்னும் வரவில்லை. ஞானதுரை மூன்று மணிக்குத்தான் எங்கள் தெருவுக்கு வருவார். நான் இரண்டே முக்காலுக்குப் புறப்பட வேண்டும். இதனால் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

புரட்டாசி 25, வெள்ளி

எழுதலாகாத நாள். (இவ்வரியை நேற்றே எழுதிவைத்தேன்.)

புரட்டாசி 26, சனி, விசயதசமி

எழுதுகோல் கைக்கு வந்தது. நடந்தவற்றை வரிசையாகப் பதிகிறேன்.

வியாழன் இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பினேன். பூசைப் பலகையில் ஏடுகள் ஒரு முழ உயரத்துக்கு அடுக்கப்பட்டு, மேலே பட்டுத்துணி போர்த்தியிருந்தது. அடுக்கின் உச்சியில், பட்டுக்குக் கீழே, பளபளப்பான மூலையொன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐப்பசி இதழ் வந்துவிட்டதா?"

"மூணு மணிக்கே வந்துட்டு. பூசையில வச்சாச்சு."

"உறையைக் காணோமே."

"சாமிக்கு உறையோடவா வைப்பாக?"

நியாயம்தான். மூன்று மணிக்கு வந்த இதழ் ஆறு மணிக்கு அடுக்கும்வரை எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

நீட்டிக்கொண்டிருந்த மூலையில் தலைப்பின் முற்பாதி தானே வந்து கண்ணில் பட்டது. 'நேற்று ஓடிய வண்டி இன்று ஏன்' என்ற அளவோடு பட்டு மறைத்துவிட்டது. இது படித்தல் ஆகாது. கண் திறந்திருக்கையில் எதிரே இருப்பது தெரிவதற்கு நான் பொறுப்பல்ல. அன்றிரவு பூசையை ஒன்பது முறை வலம் வந்தேன். எந்தத் திசையிலிருந்தும் பிற்பாதி தெரியவில்லை.

வெள்ளி காலை. எஞ்சினுக்கு முறைப்படி பூசை செய்தேன். நெற்றிப்பகுதியில் சந்தனம், குங்குமம். சக்கரம் ஆறுக்கும் தனித்தனியே சந்தனக் காப்பு. ஒன்றுக்கு இட்டு மற்றதை விடுதல் முறையன்று. தண்டவாளத்திலும் பதினாறு இடங்களில் சந்தனம் இட்டேன், உபசாரம் பதினாறு ஆதலால். பிறகு ஒரு குறள் வெண்பா இயற்றி உரக்கப் பாடினேன்; எழுதவில்லை.

சந்தனம் பூசிச் சகடம் நிறுத்தினேன்
வந்தருள் செய்க விரைந்து.

சக்கரங்களின் கீழ் நான்கு கசகசாக்களை வைத்து எஞ்சினை முன்னும் பின்னும் நகர்த்தினேன். மூன்று நசுங்கின. நான்காவது தப்பி ஓடிச் செட்டியார் மலையடியில் மறைந்தது. மிளகைப் பாக்குவெட்டியால் பிளந்து, உள்ளே குங்குமம் தடவி, சந்திப்பின் வாசலில் உடைத்தேன். கடந்து சென்ற பிச்சாண்டி மிளகை மிதித்துவிட்டு, "என்ன அத்தான், பூசணிக்கா காலுல குத்துது" என்றான்.

மாலை ஐந்து மணிக்கு மன்றத்தார் பதினால்வரும் கூடத்தில் அமர்ந்தனர். உலகம்மை சுண்டல் கிண்ணங்களை அடுக்கினாள். நான் அம்பிகையை வணங்கித் திருகைத் திருப்பினேன். பிச்சாண்டி உரத்த குரலில் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் சுற்றில் வண்டி சற்றே திக்கிற்று. பக்தியின் நெகிழ்ச்சி என்று கொண்டேன். ஆறாம் சுற்றில் நடந்துவருபவர் முந்திவிடலாம் போலிருந்தது. ஏழாம் சுற்றில் செட்டியார் மலைக்குப் பின்னே சென்றது. வெளியே வரவில்லை.

பதினான்கு தலைகள் செட்டியாரின் முதுகுப்பக்கம் சாய்ந்தன.

"ஆறே முக்கால்" என்றான் பிச்சாண்டி.

மின்னழுத்தம் குறைவு என்றேன். விசிறி வேகமாகத்தான் சுற்றுகிறது என்றார்கள். கண்ணேறு என்றேன். பூசணிக்காய் உடைத்தாயிற்றே என்றான் பிச்சாண்டி, உள்ளங்காலைக் காட்டி. மேலும் சொன்னான்: "பாட்டுலயே நிறுத்தினேன்னுதான அத்தான் பாடினிய. சாமி அதக் கேட்டுட்டு."

என் கைக்கெட்டும் தொலைவில், பட்டுக்குக் கீழே, அந்த மூலை பளபளத்தது. நேற்று ஓடிய வண்டி இன்று ஏன். மறுமொழி அங்கே அச்சாகி இருக்கிறது. நாலு வரிகள் போதும். விளக்கைத் தூண்டுவதுபோல் எழுந்து அருகே சென்றேன். கை என்னையறியாமல் பட்டின் ஓரத்தைத் தொட்டது.

"எடுங்க அத்தான்" என்றான் பிச்சாண்டி, மிகுந்த கனிவோடு. "நாங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிடுதோம். என்ன, அன்னிக்குப் பாபநாசத்துல மூணு மணிநேரம் பஸ்ஸுக்கு நின்னேன். அத மட்டும் கொஞ்சம் நெனச்சுக்கிடுங்க."

பட்டின் மடிப்பைச் சரிசெய்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து அமர்ந்தேன். என் வாழ்நாளில் நான் ஆற்றிய உரைகள் எத்தனை நீளமானவை என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

அந்நேரத்தில் உலகம்மை வந்தாள். ஒரு கையில் கைகழுவும் சாராயக் குப்பி, தொற்றுக்காலத்தில் வாங்கி மிஞ்சியது. மறு கையில் என் பழைய வேட்டியில் கிழித்த துண்டும் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியும். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மின்பெட்டியை அணைத்தாள். துணியை நனைத்துத் தண்டவாளத்தை ஒரு சுற்று முழுவதும் துடைத்தாள். துணி மஞ்சளாயிற்று. எஞ்சினை எடுத்தாள். முன்முனையைப் பற்றாமல், கட்டைவிரலும் இருவிரலும் உடற்பகுதியில் படும்படி, ஆனி இதழின் படத்தில் உள்ளபடியே எடுத்தாள். தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். நசுங்கிய கசகசாவின் எண்ணெய்ப்பிசுக்கு கறுப்பாக வந்தது.

"சக்கரத்துல பிசுக்கு ஏறுனா கரண்டு எப்படி ஏறும்? ஆடி மாசமே எழுதியிருந்தானே."

பிசுக்கை அறிவது பாத்திரம் தேய்ப்போரின் இயல்பு. "எழுதியிருந்தான்" என்றது யாரை என்று அந்த ஆரவாரத்தில் நான் கேட்கவில்லை. கலைமகளே அவள் உருவில் வந்தாள் என்று மன்றத்தார் சிலர் கைகூப்பினர். நானும் கூப்பினேன்.

வண்டி ஓடிற்று. பத்து, இருபது, முப்பத்தொன்று. பிச்சாண்டிக்குத் தொண்டை கட்டிற்று. மன்றத்தார் சுண்டலை மறந்து பார்த்தனர். நான் வெற்றி பெற்றதாகவே எண்ணி உறங்கினேன்.

இன்று விடியலில் கற்பூரம் காட்டி, ஏடுகளை எடுக்கும் நேரம் வந்தது. கற்கத் தொடங்கும் நன்னாள். மன்றத் தலைவன் முதலில் திருமுறை ஏட்டைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன். ஒரு பதிகம் ஓதினேன். வழக்கத்தைவிடச் சற்று விரைவாக ஓதியிருக்கக்கூடும். திரும்பிப் பார்த்தபோது அடுக்கின் உச்சி வெறுமையாக இருந்தது.

அடுப்படி வாசலில் உலகம்மை அமர்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாள். மடியில் ஐப்பசி இதழ்.

"தூசி தட்டுகிறாயா?" என்றேன்.

"படிக்கேன்."

"எனக்கு வந்த இதழ் அல்லவா?"

"பேச்சு என்ன? நிக்காம பத்துச் சுத்து. ஏழாவதுல நின்னுச்சா, இல்லையா?"

"நின்றது. ஆனால் பிறகு..."

"பிறகு ஓட்டுனது யாரு?"

நான் கையிலிருந்த திருமுறை ஏட்டை மூடினேன்.

"அப்ப உங்க பேருக்கு வாரது நின்னு போச்சு" என்று சொல்லி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள் ஒன்றை நீட்டினாள். விசயதசமியில் அவள் எழுதிய முதல் எழுத்து அது:

"ஆசிரியர் அவர்களுக்கு, பாளையங்கோட்டை காந்திமதிநாதன் பெயருக்கு வரும் பிரதியை நிறுத்திவிடவும். அதை இனிமேல் உலகம்மை என்ற பெயருக்கு அனுப்பவும். விலாசம் அதேதான். கொலுவின் கீழ்ப்படியிலிருந்து மூன்றாம் படிக்கு ரயிலை ஏற்ற எவ்வளவு சரிவு வேண்டும் என்று அடுத்த இதழில் எழுதவும். செட்டியாரை நகர்த்த முடியாது. கடலைமாவு பற்றி முன்னால் வந்த புகாரைப் பொருட்படுத்த வேண்டாம்."

கடைசி வரியை இருமுறை படித்தேன். பிறகு கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

"நான் எப்போது பார்ப்பது?" என்று கேட்டேன். குரல் நான் எண்ணியதைவிடத் தாழ்ந்து வந்தது.

"நீங்க ஒற்றுப்பிழை பாக்க மட்டுந்தான வாங்கினிய? பிழை எங்கயும் ஓடிப் போகாது. நான் முடிச்சிட்டுத் தாரேன்."

பிற்பகலில் பிச்சாண்டி வந்து, இரண்டு நாளைய கிரிக்கெட் செய்திகளையும் என் எதிரில் அமர்ந்து, விளம்பரம் விடாமல், வாய்விட்டுப் படித்தான்.

இப்போது மணி நான்கு. வண்டியைத் துடைத்து நிலையத்தில் நிறுத்தியிருக்கிறேன். மூன்றாம் படிக்குச் சரிவு எவ்வளவு என்று நானும் கணக்கிட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் சொல்லலாம். அவள் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டும் ஓசை கேட்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறாள். மொத்தம் அறுபத்து நான்கு.